கழற்றி மாட்டிய பிறகு கார் ஒழுகுகிறதா? அறிகுறி பார்த்துக் கசிவைப் பிடிக்கும் முறை

ஐப்பசி பிறந்தால் எங்கள் பட்டறைக்கு ஒரே மாதிரியான புகாரோடு வண்டிகள் வர ஆரம்பிக்கும். "அண்ணே, உள்ளே தண்ணி வருது. எங்கேருந்துன்னே தெரியலை." நான் பதிலுக்குக் கேட்பது ஒரே கேள்விதான்: "கடைசியா இந்த வண்டியிலே எதைக் கழற்றினாங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார்கள். பின்னால் இடிபட்டு டிங்கரிங் பார்த்தது, ரிவர்ஸ் கேமரா போட்டது, ஸ்பீக்கர் மாற்றியது, முன் கண்ணாடி மாற்றியது, பவர் விண்டோ மோட்டார் வேலை. எங்கே தேட வேண்டும் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

காரின் வெளியே மாட்டியிருக்கும் ஒவ்வொரு பாகத்தின் அடியிலும், டெயில் லேம்ப் ஆகட்டும், ஆன்டெனா ஆகட்டும், ஒரு பஞ்சுப் பட்டையோ ரப்பர் பேக்கிங்கோ கருப்புப் பசையோ இருக்கும். பாகத்தைக் கழற்றியதுமே அதன் ஆயுள் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வருடம் அமுங்கிக் கிடந்த பஞ்சு மறுபடி உப்பி வராது. அதையே திரும்ப வைத்து நட்டை இறுக்கினால் பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். முதல் அடைமழையில் வேஷம் கலையும். அப்புறம் யாராவது ஒரு டியூப் சிலிக்கானை எடுத்து விளிம்பைச் சுற்றிப் பூசிவிடுவார்கள். அந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்கவே எனக்கு அரை நாள் போகும். பூசுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு

ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஓடு விரிசல் விட்டது ஓரிடம். தண்ணீர் ரீப்பர் வழியாக ஓடி வந்து சொட்டுவது இன்னோரிடம். காரிலும் அப்படித்தான். கூரை ஆன்டெனா அடியில் நுழைந்த நீர் உள்துணிக்கு மேலேயே ஓடி, கூரையைத் தாங்கும் பின் தூணுக்குள் இறங்கி, டிக்கியில் ஸ்டெப்னி குழியில் போய்த் தேங்கும். ஈரம் கண்ட இடத்தில் சீலன்ட் பூசினால் எதுவும் நடக்காது.

எப்போது நனைகிறது என்பதை முதலில் கவனியுங்கள். மழையே இல்லாத நாளில், ஏசி ஓடியபோது மட்டும் முன் இடது பக்கம் கால் வைக்கும் இடம் நனைந்தால் அது ஏசி வடிகுழாய் அடைப்பாகத்தான் இருக்கும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தரையில் சொட்டு விழுகிறதா என்று குனிந்து பாருங்கள். புழுக்கமான நாளிலும் சொட்டவில்லை என்றால் குழாயைச் சுத்தம் செய்தால் போதும், சீலன்ட் வேலையே இல்லை. தொட்டால் பிசுபிசுப்பும் தித்திப்பான வாடையும் இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது; அது மெக்கானிக் வேலை. சோப்பு வாடை அடித்தால், பின் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் மெல்லிய குழாய் கழன்றிருக்கும். டிக்கி கதவின் உள்பக்க பேனலைக் கழற்றியவர்கள் அதை மறுபடி சொருக மறப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த மூன்றும் இல்லை, மழையிலோ வாட்டர் வாஷிலோதான் நனைகிறது என்றால் கீழே படியுங்கள்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, இன்னொருவர் தோட்டக் குழாயோடு வெளியே. குழாயில் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. மெதுவாக வழிந்தால் போதும். வாட்டர் வாஷ் கன்னைப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். அந்த அழுத்தத்துக்கு நல்ல சீலும் வழிவிடும், இல்லாத கசிவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். கீழிருந்து மேலே போங்கள். முதலில் பம்பர் மட்டம், பிறகு லேம்ப், பிறகு கண்ணாடி விளிம்பு, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு மட்டத்திலும் மூன்று நான்கு நிமிடம் நில்லுங்கள். முதலிலேயே கூரையில் ஊற்றிவிட்டால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழியும். எது குற்றவாளி என்று சொல்ல முடியாது.

ஆள் துணை இல்லையென்றால் சோப்புத் தண்ணீர் முறை இருக்கிறது. கதவு ஜன்னல் எல்லாம் மூடி, வெளிக்காற்று எடுக்கும்படி வைத்து பிளோயரை முழு வேகத்தில் விடுங்கள். உள்ளே காற்று சற்று அழுத்தமாக நிற்கும். சந்தேகமுள்ள விளிம்புகளில் வெளியே சோப்பு நுரைத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் குமிழாக எழும். சைக்கிள் டியூப்பில் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

எந்த இடத்துக்கு எந்தப் பசை

பியூட்டில் டேப் என்று கருப்புச் சுருளாக விற்பார்கள். காயவே காயாது, எப்போதும் ஒட்டும் தன்மையோடு இருக்கும், பிரித்து மறுபடி மாட்டலாம். டெயில் லேம்ப், கதவின் உள் ஷீட், ஆன்டெனா அடி போன்றவற்றுக்கு இதுதான். தகடும் தகடும் சேரும் மூட்டுகளுக்கு சீம் சீலர். இதன் மேல் பெயின்ட் அடிக்கலாம். முன் கண்ணாடிக்கு பாலியூரித்தேன் பேஸ்ட், அதோடு அதற்கான கருப்பு பிரைமர். வேறு எதுவும் அங்கே போகக் கூடாது.

சிலிக்கானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிலிக்கான் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலம் பெயின்ட் உரிந்த தகட்டில் பட்டால் துரு பிடிக்கும். வெளியே பார்க்க அழகாக அடைத்திருக்கும், உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்கும். அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் பிடிக்காது, ஒதுங்கி ஒதுங்கிக் குழியாக நிற்கும். காய்ந்த சிலிக்கான் மேல் புது சிலிக்கானும் சரியாக ஒட்டாது. எம்-சீலும் வேண்டாம். கல்லாக இறுகும் எதுவும் ஓடும் வண்டியின் அதிர்வில் விரிசல் விடும்.

எதை ஒட்டினாலும் பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும். பழைய பியூட்டிலை எடுக்க ஒரு வழி: ஐஸ் கட்டியைத் தேய்த்துக் குளிர வைத்தால் இறுகிப் பட்டையாக உரியும். மிச்சத்தை, உரித்த பியூட்டில் உருண்டையாலேயே ஒற்றி ஒற்றி எடுக்கலாம். கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். தின்னர் பெயின்ட்டைத் தின்றுவிடும். டீசல் எண்ணெய்ப் படலம் விடும். தகடு வெளுத்துத் தெரியும் கீறல், புதிதாகத் துளைத்த துளை எல்லாவற்றுக்கும் பிரைமர் தொட்டு, காயவிட்டு, பிறகுதான் சீல்.

டிக்கியில் ஈரம், ஸ்டெப்னி குழியில் தண்ணீர்

பின்பக்கம் டிங்கரிங் பார்த்த வண்டி, பல்பு மாற்ற லேம்ப்பைக் கழற்றிய வண்டி, கேமரா போட்ட வண்டி என்றால் இதுதான் முதல் அறிகுறி. காலையில் எல்லாக் கண்ணாடியிலும் உள்பக்கம் புகைபோல் ஈரம் படிகிறதா? டிக்கி மேட்டைத் தூக்கிக் குழியைப் பார்க்காமல் விடாதீர்கள். சொதசொதவென்று மூன்று விரல் ஆழம் தண்ணீர் நிற்க, ஓட்டியவருக்கு அது தெரியாமலே இருந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

குழியை வடித்துத் துடைத்துக் காயவிட்டு, சுற்றுச் சுவர்களில் முகப் பவுடரைத் தூவுங்கள். பின் சீட்டை மடக்கி ஒருவர் உள்ளே படுத்துப் பார்க்க, வெளியே தண்ணீர் விடுங்கள். பவுடரில் நீர் இறங்கிய கோடு தெளிவாக விழும். அந்தக் கோட்டைப் பிடித்து மேலே போங்கள். குழந்தையை மட்டும் உள்ளே அனுப்பாதீர்கள். டிக்கி பூட்டிக்கொண்டால் வெளியே வரத் தெரியாது.

கோடு டெயில் லேம்ப் பொந்திலிருந்து வந்தால் லேம்ப்பைக் கழற்றுங்கள். உள்ளிருந்து இரண்டோ மூன்றோ நட்டு இருக்கும், பெரும்பாலும் 8 அல்லது 10 நம்பர். வெளி விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் முளை சொருகியிருக்கும். அதனால் பக்கவாட்டில் நெம்பாமல் நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். கழன்றதும் லேம்ப்பை ஓரமாக வைத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த தகட்டை நிதானமாகப் பாருங்கள். வருடக்கணக்கான தூசி சாம்பல் படலமாகப் படிந்திருக்கும். சீல் நன்றாக இருந்த பக்கத்தில் பஞ்சின் அச்சு கருப்பாக, கோடு போட்டது போல, உடையாமல் விழுந்திருக்கும். நீர் நுழைந்த இடத்தில் அந்த அச்சு அறுந்து, வாய்க்கால் வெட்டியது போல ஒரு செம்மண் தடம் பொந்தை நோக்கிப் போகும். பெரும்பாலும் மேல் மூலையில், கூரையிலிருந்து வழியும் நீர் திரும்பும் வளைவில்தான் அது இருக்கும்.

அந்த லேம்ப்புக்கான பேக்கிங் தனியாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் மூடிய துளைப் பஞ்சுப் பட்டை, அல்லது 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன் பியூட்டில் கயிறு. பஞ்சு எப்படிப்பட்டது என்று கடையிலேயே பார்க்கலாம். வாயில் வைத்து ஊதுங்கள். காற்று மறுபக்கம் போனால் அது மெத்தைப் பஞ்சு, தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வேண்டாம். ஊதினால் போகாததுதான் நமக்கு.

பியூட்டிலைப் பழைய அச்சின் மேலேயே, இழுக்காமல், சும்மா படுக்க வையுங்கள். இழுத்து ஒட்டினால் மெலிந்து, பிறகு சுருங்கும். இரு முனையும் சேரும் மூட்டு கீழ்ப்பக்கம் வரட்டும், ஒரு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். ஒவ்வொரு போல்ட் காலைச் சுற்றியும் ஒரு சின்ன வளையம் போடுங்கள். வெளிச்சுற்று நன்றாக இருந்தும் போல்ட் துளை வழியாக ஒழுகிய லேம்ப்புகள் உண்டு. ஒயர் போகும் ரப்பர் கிரோமெட் அதன் பள்ளத்தில் முழுச் சுற்றும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பேனரை நுனியில் பிடிக்காமல் நட்டுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் போதும். பலமாக இறுக்கினால் பிளாஸ்டிக் கால் விரிசல் விடும், அப்புறம் லேம்ப்பே போய்விடும். வண்டியை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பாருங்கள். பியூட்டில் இளகி அமர்ந்திருக்கும். நட்டு அரைச் சுற்று இடம் கொடுக்கும்.

லேம்ப் சரியாக இருந்தும் குழி நனைகிறதா? பின் பம்பரைக் கழற்றினார்களா என்று கேளுங்கள். பம்பருக்குப் பின்னால் தகட்டில் காற்று வெளியேறும் ரப்பர் மடல்கள் உண்டு. கதவைச் சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகும். டிங்கரிங்கில் அந்த மடல்கள் இருக்கும் சட்டம் கோணலாக மாட்டப்பட்டால், சக்கரம் வாரி இறைக்கும் நீர் அதன் விளிம்பு வழியாக உள்ளே வரும். அதைக் கழற்றி விளிம்புப் பஞ்சை மாற்றி மாட்டுங்கள். மடலையே சீலன்ட் போட்டு மூடிவிடாதீர்கள். கதவு சாத்தக் கனக்கும், ஏசி காற்று தேங்கும், காதை அடைக்கும்.

கேமரா போட்ட வண்டியில் ஒயரைப் பாருங்கள். தகட்டைத் துளைத்து, கிரோமெட் இல்லாமல் ஒயரை விட்டிருந்தால் ஒயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே வரும். துளைக்குப் பிரைமர், அளவான கிரோமெட், அப்புறம் துளைக்கு முன்னால் ஒயரைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், துளைவரை வராது.

மழைக்குப் பிறகு கதவோரக் கார்பெட் நனைகிறது

ஸ்பீக்கர் மாற்றியது, பவர் விண்டோ வேலை, கதவு லாக் வேலை என்றால் இது. நான் பார்த்தவரை நன்றாகப் படித்த மெக்கானிக்குகள்கூட மதிக்காத ஒரு பொருள் கதவுக்குள் இருக்கிறது. கதவின் உள்பக்கப் பலகையான டோர் பேட்டைக் கழற்றினால் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் ஷீட்தான் அது.

கதவு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் மதிப்பு புரியும். கண்ணாடியைத் தடவிக்கொண்டிருக்கும் வெளி ரப்பர் பீடிங் முழு நீரையும் தடுக்காது. தடுக்க வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு மழையிலும் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். கண்ணாடியோடு வழிந்து, கதவின் அடியிலுள்ள வடிதுளைகள் வழியே வெளியேறும். உள்தகட்டில் பெரிய பெரிய பொந்துகள் இருக்கின்றன. தெறிக்கும் நீர் அவற்றின் வழியே கார்பெட் பக்கம் வராமல் மறிப்பது அந்த ஒற்றை ஷீட். ஸ்பீக்கர் மாட்டியவர் அதை வட்டமாகக் கிழித்துவிட்டு செலோ டேப் ஒட்டியிருந்தால், அந்த டேப் ஒரு மழைகூடத் தாங்காது.

போன வருடம் ஒரு அக்கா வண்டி கொண்டுவந்தார். வேறொரு கடையில் முன் கதவுகளுக்கு ஸ்பீக்கர் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு முறை முன் கண்ணாடிக்கு சீலன்ட் அடித்தும் இடது கார்பெட் நனைவது நிற்கவில்லை. நான் பேடைக் கழற்றியதும் ஸ்பீக்கர் கூம்பின் கீழ்ப் பாதியில் டீக்கறை போல அரைவட்டம் அரைவட்டமாகப் படிந்திருந்தது. ஒவ்வொரு மழையும் விட்டுப்போன கோடு. ஷீட்டின் கீழ் முனை தகட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தக் கீழ் முனையில்தான் சூட்சுமம். கீற்று வேயும்போது மேல் கீற்று கீழ்க் கீற்றின் மேல் படிய வேய்வார்கள், நீர் வெளியே வழியும்படி. இங்கேயும் அப்படித்தான். ஷீட்டில் படும் நீர் வழிந்து கதவின் குழிக்குள்ளேயே திரும்ப விழ வேண்டும். அதனால் கீழ் முனை தகட்டிலுள்ள நீளத் துளைக்குள், உட்பக்கமாகச் சொருகியிருக்க வேண்டும். முனை வெளியே இருந்தால் ஷீட் முழுசாக இருந்தும் பயனில்லை. தண்ணீரை நேராகக் கார்பெட்டுக்குக் கொண்டுபோய் விடும்.

ஷீட்டைப் பிரிக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஹேர் டிரையரால் பியூட்டிலைச் சூடாக்கி, பிளேடால் அந்தக் கருப்புக் கயிற்றை நடுவே அறுத்துக்கொண்டே வந்தால் கிழியாமல் வரும். பசைமேல் கையோ தூசியோ படாமல் ஷீட்டை மேலே மடித்து டேப் போட்டு வையுங்கள். கிழிந்திருந்தால், சிறு கிழிசலுக்கு இருபக்கமும் ஒட்டுப் போடலாம்; ஸ்பீக்கர் வட்டமாக வெட்டப்பட்டிருந்தால் புது ஷீட்டே நல்லது. கெட்டியான பாலிதீனைப் பழையதன் மேல் வைத்து வரைந்து வெட்டுங்கள். ஸ்பீக்கர் வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பியூட்டிலோ மூடிய துளைப் பஞ்சோ வைக்க மறக்காதீர்கள். சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த சென்சார் கதவுக்குள் இருக்கிறது. கதவின் உள்ளறை இறுக்கமாக மூடியிருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். அந்த வண்டிகளில் ஷீட் பாதுகாப்புச் சமாச்சாரமும் கூட.

டோர் பேட்டை மாட்டும் முன் சோதனை. கண்ணாடியை முழுதும் ஏற்றி, ஒரு சொம்பு தண்ணீரை வெளியிலிருந்து கண்ணாடி மேல் மெதுவாக ஊற்றுங்கள். கதவின் அடியில் எல்லா வடிதுளையிலிருந்தும் நீர் வர வேண்டும். வரவில்லை என்றால் துளை அடைபட்டிருக்கிறது. கதவுக்குப் பெயின்ட் அடித்த வண்டி, அண்டர்பாடி கோட்டிங் அடித்த வண்டி இரண்டிலும் துளைகள் மூடிப்போயிருப்பது வழக்கம். மரக்குச்சியாலோ கேபிள் டையாலோ திறந்துவிடுங்கள். ஆணியால் குத்தினால் பெயின்ட் போகும். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே சளக் சளக்கென்று சத்தம் கேட்டாலும் இதுதான் காரணம். கசிவுக்குப் பயந்து இந்தத் துளைகளைச் சீலன்ட் வைத்து அடைத்த வண்டி ஒன்று வந்தது. இரண்டு கதவின் அடித்தகடும் அரித்துப் போயிருந்தன.

பிளோயர் போட்டால் தண்ணீர் சத்தம், காற்றோடு சாரல்

வைப்பர் மோட்டார் வேலை, சஸ்பென்ஷன் வேலை, பானட் பெயின்ட் என்றால் வைப்பருக்கு அடியிலிருக்கும் பிளாஸ்டிக் கவுலைக் கழற்றியிருப்பார்கள். முன் கண்ணாடியில் விழும் மழை முழுதும் அதன் அடியிலுள்ள தொட்டியில்தான் இறங்கி, இரு ஓரத்து வடிகால் வழியே போகிறது. ஏசிக்குக் காற்று எடுக்கும் வாயும் அங்கேதான்.

கவுலின் கிளிப்புகள் உடைந்து பாதிதான் மாட்டியிருக்கிறதா, கண்ணாடியின் கீழ் விளிம்பைக் கவ்வும் ரப்பர் உதடு வெளியே மடங்கியிருக்கிறதா, இரு முனையிலும் இருந்த பஞ்சுத் துண்டுகள் காணாமல் போனதா என்று பாருங்கள். அந்தப் பஞ்சுத் துண்டுகளைக் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அவைதான் நீரைக் காற்று வாய்ப் பக்கம் திரும்பாமல் மறிப்பவை. வேப்பமரம், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும் வண்டியாக இருந்தால் சருகு வடிகாலை அடைத்து, தொட்டி நிரம்பி, நீர் நேராக பிளோயருக்குள் போகும். அள்ளி எடுத்து, சொம்புத் தண்ணீர் ஊற்றி, இரு பக்கமும் சக்கரத்தருகே இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு கவுலை மூடுங்கள். கிளிப் ஒன்று சில ரூபாய்தான். உடைந்ததை மாற்றாமல் மூடாதீர்கள்.

டாப் லைனிங்கில் கறை, மேலிருந்து சொட்டு

பின்பக்கம் நடுவில் கறை என்றால் ஆன்டெனா அடியைப் பாருங்கள். கூரைக்குப் பெயின்ட் அடிக்கக் கழற்றியிருப்பார்கள். அடிப் பேக்கிங்கைப் புதிதாகப் போட்டு, நட்டை உள்ளிருந்து இறுக்க வேண்டும். ஆன்டெனாவைச் சுற்றி வெளியே பூசுவது பலிக்காது. கதவுக்கு மேலே ஓரமாகக் கறை என்றால் ரூஃப் ரெயில் போல்ட்டுகள், அல்லது கூரை ஓர வாய்க்காலில் இருக்கும் கருப்புப் பட்டைக்கு அடியிலுள்ள சீம் சீலர். பட்டையைப் பிடுங்கிப் பார்த்தால் மயிரிழை விரிசல் தெரியும். விரிசலை மட்டும் பூசாமல், உதிரும் பழைய சீலரைச் சுரண்டி, பிரைமர் தொட்டு, புது சீம் சீலரை விரலால் நீவிவிடுங்கள்.

டிக்கி கதவின் மேலிருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டையும் விடாதீர்கள். பல்பு மாற்றக் கழற்றி, பஞ்சு கிழிந்த நிலையில் மாட்டினால், நீர் கதவுக்குள் இறங்கி, டிக்கியைத் திறக்கும்போது பிடரியில் கொட்டும்.

சன்ரூஃப் வண்டியில் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் முழு நீரையும் தடுப்பதில்லை. உள்ளே வரும் நீர் தட்டில் விழுந்து, மூலைகளிலுள்ள குழாய்கள் வழியே தூண்களுக்குள் இறங்கும். டாப் லைனிங் கழற்றி மாட்டிய வண்டியென்றால் அந்தக் குழாய் முனை கழன்றிருக்கலாம். அடைப்பெடுக்க கம்ப்ரசர் காற்றை அடிக்காதீர்கள், உள்ளே மூட்டு விட்டுப்போகும். மெல்லிய நைலான் நரம்பை மெதுவாக விடுங்கள்.

முன் கண்ணாடி மாற்றிய பிறகு

இதை வீட்டில் செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. கண்ணாடி வண்டியின் பலத்தில் ஒரு பங்கு. பல வண்டிகளில் பக்கத்து சீட்டின் ஏர்பேக் விரியும்போது கண்ணாடியில் மோதித்தான் ஆளைத் தாங்கும் நிலைக்கு வரும். ஒட்டு சரியில்லையென்றால் கண்ணாடி பிதுங்கிப் போகும்.

ஆனால் வேலை சரியாக நடக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். பழைய பேஸ்ட்டைத் தகடுவரை சுரண்டாமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுச் சீவுகிறாரா? கத்தி பட்ட கீறலுக்குப் பிரைமர் தொடுகிறாரா? கண்ணாடி விளிம்பில் பிரைமர் தடவிக் காயவிடுகிறாரா? பேஸ்ட் அறுபடாமல், கூர்மேடு போல ஒரே சீராக ஓடுகிறதா? மூட்டு வரும் இடத்தில் இரு முனையும் ஒன்றில் ஒன்று கரைகிறதா? முடிந்ததும் ஒரு ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள். எல்லாம் மூடிய வண்டியில் கதவை அடித்துச் சாத்தினால் உள்காற்று ஈரமான பேஸ்ட்டைத் தள்ளி வழி உண்டாக்கும். எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பது டியூபிலேயே போட்டிருக்கும், அதை மதியுங்கள். வாட்டர் வாஷ் இரண்டு நாள் போகட்டும்.

அப்புறமும் ஒழுகினால், கண்ணாடியைச் சுற்றியுள்ள கருப்பு ரப்பர் அடியில் சிலிக்கான் திணிக்க விடாதீர்கள். அந்த ரப்பர் பெரும்பாலும் அழகுக்குத்தான். நீரைத் தடுப்பது உள்ளிருக்கும் பேஸ்ட். மேலே அடைத்தால் நீர் நடுவே சிக்கித் தகட்டைத் தின்னும். கண்ணாடியை எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள்.

கதவு பெயின்ட்டுக்குப் பிறகு காற்றுச் சத்தமும் ஓர ஈரமும்

கதவுச் சட்டத்தின் பெரிய ரப்பர் பீடிங்கைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பீடிங் மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். சுற்றிலும் ஒரு சாணுக்கு ஒரு முறை செய்தால் தளர்ந்த இடம் தெரிந்துவிடும். அங்கே பீடிங்கின் உள்ளே இருக்கும் தகட்டுப் பல் விரிந்திருக்கும். பிளையரால் லேசாக நெருக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். பீடிங்கின் மூட்டு கீழே, கதவின் கீழ்ப்படியான சில் பக்கம் வர வேண்டும். மேலே வந்திருந்தால் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். பெயின்ட் விளிம்பு திரண்டு மேடாக இருந்தாலும் ரப்பர் உட்காராது, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் சமன் செய்ய வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் போனால் மட்டும் தரை நனைகிறது

தரைத் தகட்டில் ரப்பர் மூடிகள் உண்டு. அடியில் பெயின்ட்டோ கோட்டிங்கோ அடித்தபோது ஒன்று விழுந்திருக்கும். கார்பெட்டைத் தூக்கி எண்ணிப் பாருங்கள். ஸ்டெப்னி குழியை வடிக்கக் கழற்றிய மூடியையும் மறுபடி மாட்டினீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நின்றதைப் போலக் கதவுச் சில் மட்டத்துக்கு மேல் வெள்ளம் ஏறினால் எந்த சீலும் நிற்காது. அது வேறு கதை.

கடைசியாக, காயவைப்பது

கசிவை அடைத்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கார்பெட் மேலே காய்ந்தாலும் அடியிலுள்ள கெட்டிப் பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த முடை நாற்றம் ஸ்பிரே அடித்தால் போகாது. சீட்டுக்கு அடியிலுள்ள கனெக்டர்கள் அதே ஈரத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

பேட்டரி இணைப்பைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, சீட்டைத் தளர்த்திக் கார்பெட்டைத் தூக்குங்கள். மஞ்சள் நிற கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை. இது பழகாத கை என்றால் சீட்டைக் கழற்றாமல், கதவோர சில் பட்டையைப் பிடுங்கிக் கார்பெட்டை மட்டும் மடித்துவிடுங்கள். அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து, டேபிள் ஃபேனை வைத்து, நான்கு கதவையும் திறந்து இரண்டு மூன்று நாள் வெயில் காட்டுங்கள். தகட்டில் துரு தென்பட்டால் தேய்த்துப் பிரைமர் தொடுங்கள்.

காய்ந்ததும் உடனே மூட வேண்டாம். வெறும் தகட்டின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு நல்ல மழை வரும்வரை விட்டு வையுங்கள். மழை நின்ற மறுநாள் காலையில் தாளை எடுத்துப் பாருங்கள். மொடமொடவென்று இருந்தால் கார்பெட்டை இறக்கி, சில் பட்டையைத் தட்டி மாட்டி, வண்டியை ஓட்டிப் போகலாம். எங்காவது ஒரு மூலை நைந்து தளர்ந்திருந்தால், அந்த மூலை இருக்கும் பக்கத்தில் குழாயைப் பிடித்து, மறுபடி கீழிருந்து ஆரம்பியுங்கள்.